முதல் அத்தியாயத்தில் ஒரு பிணம்

அம்மாபேட்டை, சேலம்
6-8-1934

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு, தம்பி மருதாசலம் எழுதிக்கொண்டது. இங்கே குழந்தைகள் உட்பட எல்லோரும் சுகம். இராசிபுரத்தில் நீங்களும் சின்ன மாமாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் நாவல் கட்டு வந்து சேர்ந்தது. அச்சாபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் படித்து, பாதியில் அழுதும்விட்டேன். நம் மூத்த அக்கா கந்தம்மாளை அப்படியே எழுத்தில் நடமாட விட்டிருக்கிறீர்கள். அவள் கிணற்றுப் படியில் கால் வழுக்கிப் போய்ச் சேர்ந்தது, கந்தவேல் மாமா மறு கல்யாணம் வேண்டாம் என்று மகள் வசந்தாமணியை வளர்த்தது எல்லாம் இருக்கிறது. பெண்ணைக் கிணற்றுப் பக்கமே விடாமல் மாமாவே தோளில் குடத்தை வைத்துக்கொண்டு, மல்லசமுத்திரத்துத் தெருவே சிரிக்கச் சிரிக்க நடந்தாரே, அந்த இடத்தில்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் அக்கா, அழுவது வேறு, விற்பது வேறு. முன்பு ராஜா ராணி கதை போட்டேன், போயிற்று. போன வருஷம் பக்தி நாவல் போட்டேன், அதுவும் போயிற்று. இப்போது துப்பறியும் நாவல் காலம். மற்றதெல்லாம் போன கட்டு பிரிக்காமலே திரும்பி வருகிறது. நம் ஏஜெண்டு சின்னண்ணனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, சேலம் ஜங்ஷனில் ரயிலேறிப் புத்தகம் விற்கிறவர். உங்கள் நாவலைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பொணம் இருக்குதுங்களா?" என்பதுதான். பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிறது என்றேன். "அதுக்குள்ள ரயிலு ஈரோட்டுக்கே போயிருமுங்களே. சங்ககிரி வாரதுக்குள்ள பொணம் உழுந்தாகோணுமுங்க" என்றார்.

ஆகவே கிணற்றுச் சங்கதியை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவாருங்கள். கால் வழுக்கியது என்பதும் வேண்டாம். யாரோ தள்ளிவிட்டதாக இருக்கட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
மருதாசலம்


இராசிபுரம்
14-8-1934

சிரஞ்சீவி தம்பி மருதாசலத்துக்கு அக்கா கமலவேணியின் ஆசீர்வாதம்.

அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். அழுத கண்ணைத் துடைத்த கையோடு பிணம் கேட்கிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா? சின்னண்ணன் கேட்கிறார் என்று நாளைக்குப் பேய் கேட்பாய், நாளை மறுநாள் பெண் வேஷம் போட்ட திருடனைக் கேட்பாய். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து என்பார்களே, நீ வீட்டு மனுஷர் வரைக்கும் வந்துவிட்டாய்.

நான் எதற்காக எழுதினேன் என்று உனக்குத் தெரியாததில்லை. மாமாவுக்காகத்தான் எழுதினேன். பொட்டச்சி வேலை செய்கிறவன் என்று அவரைச் சிரித்தவர்கள் அந்தத் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுத்துச் சொல்லிக் கொடுத்த வசந்தாமணி படித்துக் காட்டுவாள், அக்கம்பக்கத்தாரும் கேட்பார்கள். ஒரு நாளாவது அந்தத் தெரு அவரை மரியாதையாகப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு பேராசை இல்லை.

யாரும் அவளைத் தள்ளவில்லை. ஆகையால் நான் தள்ளவும் மாட்டேன்.

அன்புள்ள அக்கா,
கமலவேணி


அம்மாபேட்டை, சேலம்
25-8-1934

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கோபித்துக்கொண்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனாலும் கேளுங்கள். இராமாயணத்தை வீட்டுப் பாஷையில் எழுதிப் பேர் வாங்கினாரே ஓமலூர் வாத்தியார், அவரே இப்போது விஷ ஊசிக் கதை எழுதுகிறார். கேட்டால், "ஊரே ஓடுறப்ப நான் மட்டும் நின்னா மிதிச்சுப்போட்டுப் போயிருவாங்க தம்பி" என்கிறார். அவருக்கே அப்படியென்றால் நான் எம்மாத்திரம்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த நாவலும் கட்டு பிரிக்காமல் திரும்பி வந்தால் அச்சாபீசைப் பூட்டிவிட்டு நான் நெசவுக்குத் தறிக்குழியில் இறங்க வேண்டியதுதான். அப்புறம் உங்கள் கதையை யார் அச்சுப் போடுவார்கள்? மாமா காதுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? துப்பறிகிறவர் ஒருவரை உள்ளே விடுங்கள், போதும். மாமாவுக்கு ஒரு குறைவும் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

தங்கள்,
மருதாசலம்


இராசிபுரம்
2-10-1934

சிரஞ்சீவி மருதாசலத்துக்கு,

நீ தறிக்குழியில் இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். பாவு நூலெல்லாம் அறுந்து போகும், ஊர் பிழைக்கட்டும் என்றுதான் சம்மதித்தேன். உன் ஆசைப்படியே மாற்றி எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

துப்பறியும் நிபுணர் சிங்காரவடிவேல் வந்துவிட்டார். தொப்பி வைத்திருக்கிறார். தொப்பிக்காரரை நான் கலெக்டர் முகாமில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, தப்பு இருந்தால் நீ திருத்திக்கொள். முதல் அத்தியாயத்திலேயே பிணம் கிடக்கிறது. அவர் வட்டிக்காரரைச் சந்தேகிக்கிறார், நாத்தனாரைச் சந்தேகிக்கிறார், வளையல் செட்டியைக்கூட விடவில்லை. கடைசியில் படியில் இருக்கும் பாசியைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். யாரும் தள்ளவில்லை, கால்தான் வழுக்கியது என்கிறார். அந்த நேரத்தில் அவள் புருஷன் தோளில் குடத்தோடு அந்தப் பக்கமாக வருகிறான். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நிபுணர் தொப்பியைக் கழற்றுகிறார். அதோடு கதை முடிகிறது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எழுத எழுத எனக்கே கொஞ்சம் பிடித்துவிட்டது. முதல் பிரதியை எனக்கு அனுப்பாதே. நேரே மல்லசமுத்திரத்துக்கு, வசந்தாமணி பேருக்கு அனுப்பு.

அன்புள்ள,
கமலவேணி


அம்மாபேட்டை, சேலம்
4-12-1934

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. "கிணற்றடிக் கொலை அல்லது யாருடைய கை?" வெளிவந்து ரயிலிலும் சந்தையிலும் பறக்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். சின்னண்ணன் இப்போது என்னைப் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். அட்டையில் உங்கள் பேரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். கோபிக்காமல் படியுங்கள். கடைசி இரண்டு அத்தியாயங்களைச் சின்னண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "காசு குடுத்து வாங்கிப் படிச்சவன்கிட்டப் பாசி வழுக்குச்சுன்னு சொன்னா, புஸ்தகத்தத் திருப்பி மூஞ்சியில எறிவானுங்க" என்றார். கொலைகாரன் இல்லாமல் கொலை ஏது? உங்களைக் கேட்க நேரமில்லை, அச்சு நின்றுகொண்டிருந்தது. அந்த இரண்டையும் நானே எழுதிச் சேர்த்தேன். இந்த வகை நாவலுக்கு ஒரு விதி உண்டு, அக்கா. யார் மேல் சந்தேகமே வராதோ அவன்தான் செய்திருக்க வேண்டும். உங்கள் கதையில் யார் மேல் சந்தேகம் வராது என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். புருஷன் ஒருவன்தான் மிஞ்சினான். அவனை அத்தனை நல்லவனாக எழுதி வைத்திருக்கிறீர்கள்.

குடம் சுமப்பது துப்புக்கு நன்றாக உதவியது. தள்ளும்போது அவள் பிடித்து இழுத்ததில் அவன் தாயத்து அறுந்து கிணற்றில் விழுந்துவிடுகிறது. வேறு யாருடைய வாளியிலாவது அது வந்துவிடக்கூடாதே என்றுதான் பெண்ணைக்கூட விடாமல் தினமும் அவனே நீர் இறைக்கிறான். படித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

நீங்கள் சொன்னபடி முதல் பிரதி மல்லசமுத்திரத்துக்குப் போய்விட்டது. போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மாமா படிக்கவா போகிறார் என்று தைரியமாக இருக்கிறேன்.

தங்கள்,
மருதாசலம்


இராசிபுரம்
10-12-1934

தம்பி மருதாசலத்துக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாள் காலை மோட்டார் பஸ்ஸிலேயே மல்லசமுத்திரம் போனேன். அன்றைக்கு அமாவாசை. தறியெல்லாம் நின்று தெரு ஓய்வாக இருந்தது. மாமா வீட்டு வாசலில் கூட்டம்.

அவர்கள் அந்தப் புத்தகத்தைச் சில நாளாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் கேட்டு வந்திருக்கிறார்கள். "இது நம்ம ஊட்டுக் கதை, எங் கொழுந்தியா எழுதினது" என்று மாமாவே வீடு வீடாகப் போய் அழைத்திருக்கிறார். வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டம் வைத்திருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்ததில்லை என்று பக்கத்து வீட்டு ராஜம்மாள் சொன்னாள்.

நான் போய் நிற்கும்போது கடைசி அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. வசந்தாமணி பாதியில் நிறுத்திவிட்டிருக்கிறாள். எதிர்வீட்டு அர்த்தநாரி அவள் கையிலிருந்து வாங்கி மிச்சத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். தாயத்து வந்தது. குடம் வந்தது. போலீஸ் வந்தது. படித்து முடித்ததும் அவரவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். வெற்றிலை அப்படியே இருந்தது.

எல்லோரும் போன பிறகு அந்தப் பெண் தன் அப்பாவைக் கேட்டாள். "நீங்க ஏம்ப்பா என்னய ஒரு நாளும் கெணத்துக்கு உடலை?" கதையைப் படித்த ஆவேசத்தில் கேட்டாளோ, தெரியாமல்தான் கேட்டாளோ, எனக்குத் தெரியாது. மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை குடம் அடுப்படியிலேயே இருந்தது. வசந்தாமணிதான் எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய அம்மா விழுந்த அதே படியில் அவள் இறங்கினாள், மருதாசலம். அவள் திரும்பி வரும்வரை அவர் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் கால் வைக்க அவருக்குத் தைரியம் இல்லை.

நான் கிளம்பும்போது அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "கடைசி வரைக்கும் நீயே எழுதினதா சாமி?"

நானேதான் எழுதினேன் என்றேன்.

உனக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தையில் வசந்தாமணிக்குக் குமாரபாளையத்தில் கல்யாணம். தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்து வராமல் நம்மில் எந்தப் பெண் மணவறை ஏறியிருக்கிறாள்? சித்தி இல்லாமல் கல்யாணம் நடக்கும். மாமன் இல்லாமல் நடக்காது. அவளுக்கு இருப்பது நீ ஒருவன். அதனால், தம்பிக்கு எழுத்துக் கோக்கவே நேரம் போதாது, உள்ளே என்ன இருக்கிறதென்று படித்திருக்க மாட்டான் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். நீ சீரோடு போ. நெஞ்சு பொறுக்காமல் உண்மையைச் சொல்லிவிடாதே. சொன்னால் உன் பாரம் இறங்கும், அந்தப் பெண்ணின் கல்யாணம் நிற்கும்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் பிணத்தை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவந்தவள் நான்தான். அங்கே கொண்டுவந்து போட்ட பிறகு, யாரோ தள்ளித்தானே இருக்க வேண்டும்? அதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. இனி நான் எழுதப் போவதில்லை. கதையும் இல்லை, உனக்குக் கடிதமும் இல்லை.

கமலவேணி


அம்மாபேட்டை, சேலம்
15-2-1935

என் அன்புள்ள அக்காவுக்கு,

முன்பு எழுதிய எதற்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. சின்ன மாமாவைச் சந்தையில் பார்த்து விசாரித்தேன். சுகமாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு நூல்கடைக்குள் போய்விட்டார். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் திட்டாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நாவலை விற்பதை நிறுத்திவிட்டேன். நானாக நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது பொய். சனங்களுக்குப் பிணம் அலுத்துப் போயிற்று. சின்னண்ணன் வந்து, "இப்ப குடும்பக் கதைதானுங்க கேக்கறாங்க, படிச்சா நாலு சொட்டுக் கண்ணீரு வரோணுமாம்" என்கிறார். ஆறு மாதம்கூட நிற்காத ஒரு மோகத்துக்காக நான் செய்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. மிச்சப் பிரதிகளைப் பொரிகடலைக்காரன் எடைக்குக் கேட்டான். கொடுக்கவில்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் மாமா ஊர் ஊராகப் போவாரே என்று அடுப்பில் போட்டேன்.

வசந்தாமணி கல்யாணம் நல்லபடியாக நடந்தது. குமாரபாளையத்தார் காதுக்கும் பேச்சு போயிருந்தது போலிருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா, "கதைய நம்பி ஊட்டுக்குப் பொண்ணெடுக்கறதில்ல, கொணத்த நம்பித்தான்" என்று சபையிலேயே சொல்லிவிட்டார். அவர் காலில் விழலாம் போல் இருந்தது. உங்களை ஏன் காணோம் என்று ராஜம்மாள் இரண்டு தரம் கேட்டாள். மாமா கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் உங்கள் பேரை அவர் எடுக்கவே இல்லை. சீர்த்தட்டில் உங்கள் சார்பாக நான் வைத்த சேலையை மட்டும் யாருடையது என்று கேட்காமல் தனியே எடுத்து வைத்தார்.

முகூர்த்தத்துக்கு முன்னால் எனக்குத் தலைப்பாகை கட்டிவிட மாமா வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. கட்டி முடித்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஊருல ஆரு பேசினாலும் தாங்கிக்குவேன் சாமி. கமலவேணி அப்படி எழுதிப்போட்டா பாரு, அதான் தாங்கல. நீ ஒருத்தன்தான் என்னயத் தப்பா நெனைக்காம படியேறி வந்திருக்கே. நீ அதப் படிக்கவே இல்லீன்னு அவளே சொன்னா. நெசந்தானே?"

மணவறையிலிருந்து மாமனைக் கூப்பிட்டார்கள். வசந்தாமணி என் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க மாமா" என்றேன்.

தங்கள் தம்பி,
மருதாசலம்