மாப்பிள்ளை கொடுத்த மருந்து

அன்புள்ள மாமா,

இன்று காலை மருந்துக் கடையில் என் பிரஷர் மாத்திரைக்காக நின்றிருந்தேன். கடைக்காரரின் முழங்கை பட்டு ஓர் இருமல் மருந்து பாட்டில் கீழே விழுந்து உடைந்தது. தரையெல்லாம் சிவப்பாக ஓடியது. சர்க்கரைப் பாகில் கற்பூரத்தைக் கரைத்த மாதிரி ஒரு வாசனை மேலே எழும்பியது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. "சார், உங்க மாத்திரை" என்று அவர் கூப்பிடக் கூப்பிட வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் மகளைக் கட்டிக்கொண்ட அந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மருந்துக் கம்பெனி ரெப். கழுத்தில் டை, கையில் தோல் பை, வாயைத் திறந்தால் மனப்பாடம் செய்த பேச்சு. நீங்கள் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினில் போடும் பிரிவில் இருந்தீர்கள். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். "டாக்டருங்க எல்லாம் எம்பட மாப்பிள்ளைக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று லைன் வீடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தீர்கள். காத்துக்கிடந்தது யார் என்று எனக்கல்லவா தெரியும்! நானும் மறுக்கவில்லை. பெருமை யாரை விட்டது?

முதல் ஆடிக்கு அழைத்து விருந்து வைத்தீர்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நீங்கள் உட்காரவே இல்லை. குழம்பு ஊற்றுவீர்கள், திடீரென்று பின்பக்கம் பொடக்காலிக்குப் போவீர்கள். அங்கே குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். திரும்பி வந்து, "தண்ணி வருதான்னு பாத்தனுங்க மாப்பிள்ளை" என்பீர்கள். மறுபடி ரசம், மறுபடி குழாய். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஊருக்கெல்லாம் தண்ணி எப்பவாச்சும்தானுங்க வருது, உங்க ஊட்டுல மட்டும் நொடிக்கொருக்கா வருதுங்களே மாமா!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இருமலாகத் திரும்பியதும், துண்டை வாயில் அழுத்திக்கொண்டு ஓடினீர்கள்.

அன்றைக்குத்தான் கேட்டேன். "இருமறப்போ சளி வருதுங்களா மாமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. வெறும் வறட்டு இருமல்தானுங்க. திங்கக்கெழமையானா நெஞ்சு கொஞ்சம் இறுக்கும். அச்சு வெல்லம் ஒண்ணு வாயில போட்டாப் பஞ்செல்லாம் கழிஞ்சு போயிருமுங்க."

லீவு நாள் முடிந்து மில்லுக்குள் நுழையும் அன்றைக்கு மட்டும் மூச்சு முட்டுகிறது என்றால் அது பஞ்சுத் தூசியின் வேலை. நான் அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தேன். "திங்கக்கெழம காய்ச்சல் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குத்தான் வருமுங்க." பையைத் திறந்து இரண்டு சாம்பிள் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். வறட்டு இருமலை அடக்குகிற மருந்து. சளி இருப்பவர்களுக்குக் கூடாது என்று அதன் தாளிலேயே போட்டிருக்கும். அதையும் மனப்பாடமாகத்தான் வைத்திருந்தேன். ஆனால், புது மாப்பிள்ளை எதிரில் சளி என்ற வார்த்தையைச் சொல்வதற்கே கூசுகிற ஒரு மனிதரிடம் கேட்டு, அவர் சொன்ன பதிலை அப்படியே எடுத்துக்கொண்டேன். பொடக்காலிக் குழாய் எதற்காகத் திறந்தது என்று ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்திருந்தால் போதும்.

அடுத்த முறை வந்தபோது நீங்கள் இருமவில்லை. "மாப்பிள்ளை மருந்து அமிர்தமுங்க!" என்றீர்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அதற்குப் பிறகு சாம்பிள் வந்தால் உங்களுக்கென்று எடுத்து வைத்துவிடுவேன். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தால் காலையிலிருந்தே மூடி மூடியாகக் குடிப்பீர்களாம். நான் இருக்கும்வரை இருமல் வந்துவிடக் கூடாதாம். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மில்லுக்குப் போகும் நாட்களிலும் குடிக்க ஆரம்பித்திருந்தீர்கள்.

ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. உதடு நீலம் பாரித்து, மூச்சு குறட்டை மாதிரி இழுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்த நெஞ்சு நோய் டாக்டர், நான் மாதந்தோறும் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே அத்தையிடம் சொன்னார்.

"அம்மா, மூச்சுக் குழாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு இழைங்க இருக்குது. காத்துல நெல்லுப் பயிரு அசையற மாதிரி அது அசைஞ்சுக்கிட்டே இருக்கும். உள்ள வர்ற தூசி அந்த இழைங்க மேல இருக்கிற ஈரத்துல ஒட்டிக்கும், இந்த இழைங்க அதைத் தொண்டைக்குத் தள்ளி விட்டுரும். இவருக்குப் பஞ்சுத் தூசி பட்டுப் பட்டுக் குழாயே புண்ணு மாதிரி சிவந்து வீங்கிப் போச்சு. சளி கோந்து மாதிரி கெட்டியாயிருச்சு. இழைங்க பாதி உதிர்ந்து போச்சு, மிச்சம் இருக்கறதாலயும் தள்ள முடியல. அப்புறம் சளிய வெளிய தள்ள உடம்புக்கு இருக்கற ஒரே வழி இருமல்தான். அந்த இருமலையே யாரோ கட்டிப் போட்டிருக்காங்க. சளி அப்படியே உள்ள தேங்கி நிமோனியா ஆயிருச்சு. என்ன மருந்து குடிச்சாரு?"

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கலக்கத்திலும் ஒரு பெருமையோடு சொன்னார்: "எங்க மாப்பிள்ளைதானுங்க டாக்டர், இந்தா நிக்கறாருங்களே. கேக்காமயே கொண்டாந்து குடுப்பாருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் டையைப் பார்த்தார். குனிந்து சீட்டில் எழுத ஆரம்பித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அழற்சி, சளித் தேக்கம் என்று படம் போட்ட அட்டையை அவர் மேஜையில் விரித்துப் பேசியவனே நான்தான். அவமானம் என்றால் என்ன என்று அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

எப்படியாவது இருமிச் சளியைத் துப்ப வைக்க வேண்டும் என்றார்கள். உங்களை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நர்ஸ் குவித்த கையால் முதுகில் தட்டினார். அத்தை துப்புவதற்கு ஒரு கிண்ணத்தைப் பிடித்தார். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கமே பார்த்தீர்கள். முகமெல்லாம் வியர்த்தது, இருமல் மட்டும் வரவில்லை. அத்தை மெல்லச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை, கொஞ்சம் வெளிய நின்னுக்கறீங்களா? நீங்க இருந்தா அவுரு துப்ப மாட்டாருங்க."

வராந்தாவில் போய் நின்றேன். கதவு சாத்தியதும் கேட்டது பாருங்கள், எத்தனை வருடத்து இருமல் அது! பினாயில் வாசனைக்கு நடுவே சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னும், இன்னும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

காய்ச்சல் இறங்கியதும் உங்கள் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். "மாமா, அந்த மருந்தக் குடுத்தது என் தப்புங்க."

"நீங்க ஏனுங்க அப்படிப் பேசறீங்க? சளின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க குடுத்திருப்பீங்களா? எனக்குத்தான் கூச்சமுங்க. நான்தானுங்க மறைச்சுப்போட்டேன்."

என் வெட்கத்தையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். எனக்குச் சுமக்க இடம்கூடக் கொடுக்கவில்லை.

அன்று பிழைத்தீர்கள். ஆனால் நெஞ்சு பழையபடி திரும்பவில்லை. மில்லை விட்டு நின்றீர்கள். அடுத்தடுத்த மழைக்காலங்களில் மறுபடி மறுபடி ஆஸ்பத்திரி. கடைசி மழையில் போய்விட்டீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் என் பாட்டில் இல்லை, முக்கால்வாசி மில்லின் பஞ்சுதான் என்று டாக்டரே பின்னால் சொன்னார். மீதிக் கால்வாசி யாருடையது என்று நான் கேட்கவில்லை.

அத்தைக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. ஆனாலும் யார் வந்தாலும் சொல்கிறார்: "எங்க மாப்பிள்ளை மட்டும் மருந்து குடுக்காம இருந்திருந்தா, அவுரு அன்னைக்கே போயிருப்பாருங்க." டாக்டர் சொன்னதில் அவருக்கு எது புரிந்ததோ, எதைப் புரிந்துகொள்ள மனமில்லையோ தெரியாது. போன பொங்கலுக்குக்கூட ஒரு கூட்டத்துக்கு நடுவில் சொன்னார். இல்லீங்க அத்தை, அப்படி இல்லீங்க என்று வாயெடுத்தேன். உங்கள் மகள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

ஆகவே அந்த நல்ல பெயர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது மாமா. அதைச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு நோம்பிக்கும் பண்டிகைக்கும் உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன். "வாங்க மாப்பிள்ளை" என்று அத்தை முதல் இலையை எனக்குப் போடுகிறார். நானும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.