மாட்டு டாக்டருக்கு நாடகம் எதற்கு?

கிர்ஸ்டன்,

அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது, சூடாக்கிக் குடி. பால்பண்ணை ஹாக்கன்சன் தன் கேக் தட்டை வாங்க வருவார். கொடுத்து அனுப்பிவிடு, பேச்சுக் கொடுக்காதே.

நேற்று நான் கத்தியது தப்புதான். என்னைப் போல மாட்டு டாக்டராகப் போகிறவள், உயிரியல் மேஜரோடு புள்ளியியலை மைனராக, அதாவது துணைப்பாடமாக எடு என்றால், நீ நாடகம் என்கிறாய். "மாட்டு டாக்டருக்கு நாடகம் எதுக்கு? மாடு கைதட்டுமா?" என்று கேட்டேன்.

"மாடு தட்டாதுப்பா. ஆனா மாட்டுக்காரங்ககிட்ட பேச உங்களுக்கே இன்னும் வரலையே!" என்றாய். சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

இன்று காலை ஹாக்கன்சனிடம், "மார்த்தா தேறாதுங்க" என்றேன். பதினாலு வருஷமாக அவர் வளர்த்த பசு. மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷ டாக்டர் நான், தெர்மாமீட்டரைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

ஆகவே உன் மைனர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐந்து மணிக்குள் கல்லூரியில் கொடுத்துவிடு.

அப்பா

பி.கு.: இப்போதுதான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்ட கட்டம் உன் பேராசிரியருக்காம். அப்பாக்களுக்குக் கட்டமே இல்லை. வேறு படிவம் வாங்கிக்கொள்.

இன்னொன்று: ஹாக்கன்சனை உடனே அனுப்பிவிடாதே. காபி கொடுத்து உட்காரவைத்துப் பேசு. உனக்கு வரும்.