சுற்றும் தூண்

தேனி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜெபஷீலாவுக்கு அப்பா வைகுண்டராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அம்மாவும் சுகம். இஸ்தான்புல் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். வெறும் ரொட்டியைத் தின்று இளைத்துப்போனாய் என்று, போட்டோவைப் பார்த்ததிலிருந்து அம்மா புலம்புகிறாள். பருப்புப்பொடி பார்சல் வரும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று நினைப்பாய். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தால் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான்.

நீ பழுதுபார்க்கும் உஸ்மானியர் காலத்துப் பள்ளிவாசலைப் பற்றி எழுதியதை நாலு தடவை படித்தேன். நானூறு வருடக் கட்டடம். நடுவில் பெரிய கும்மட்டம், அதன் பாரத்தை வாங்க அரைக் கும்மட்டங்கள், அத்தனையும் நாலு தூணில் இறங்குகிறது என்று படம் போட்டிருந்தாய். முப்பது வருடம் கட்டட கான்ட்ராக்ட் எடுத்த எனக்கே கண் விரிந்தது. அஸ்திவாரம் போட்டு, மண் இறுகும்வரை வருடக்கணக்கில் காத்திருந்தார்கள் என்று அங்கே சொல்வார்களாம். தொழுகை மாடத்தின் இரு பக்கமும் கையால் சுற்றினால் சுற்றும் சின்னப் பளிங்குத் தூண்கள் இருக்கின்றனவாம். கட்டடம் ஒரு நூல் இறங்கினாலும் தூண் இறுகிக்கொள்ளும், சுற்றாது என்றாய். அந்த இடத்தில் எனக்கு மேலே படிக்க ஓடவில்லை. தன் தப்பைக் காட்டிக்கொடுக்கத் தானே ஒரு சாட்சியை நிறுத்தி வைத்திருக்கிறான், அதைக் கட்டின மனுஷன்.

கடைசியில், ‘எங்கப்பா கட்டிய சர்ச்’ என்று நம் கோயில் படத்தை உன் பேராசிரியரிடம் காட்டியதாகவும் எழுதியிருந்தாய்.

அந்தக் கோயிலின் கிழக்குச் சுவர் பிளந்தது உனக்குத் தெரியும். கொத்தனார் மலைச்சாமி கலவையில் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று உன்னிடமும் சொன்னேன். பொய். அந்த இடத்தில் ஒரு பழைய கிணறு இருந்தது. அதை மூடி மூன்று வாரம்கூட ஆகவில்லை. “அண்ணே, இங்கன ஒரு மழை விழுந்து மண்ணு அமுங்கட்டும். எங்கய்யா காலத்துல அப்படித்தான் விட்டு வச்சாக” என்று மலைச்சாமி கெஞ்சினார். எனக்கோ அவசரம். பிரதிஷ்டைக்கு பிஷப் வருவதாக நோட்டீஸ் அடித்தாயிற்று, கல்வெட்டில் என் பெயரும் வெட்டியாயிற்று. கட்டச் சொன்னேன்.

சபைக் கமிட்டி விசாரித்தபோது நான் அவரைக் கைகாட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “கட்டுனது என் கைதானய்யா” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, தூக்குக்குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடமாக அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. சுருளிப்பட்டியிலிருந்து ஜீப் ஏறி, கம்பம்மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். சின்னப் பிள்ளையில் நீ விளையாட எடுத்துக்கொண்டு ஓடுவாயே, அந்த ரசமட்டம் அவருடையதுதான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் எழுந்து சொல்லப்போகிறேன். அப்படியே சுருளிப்பட்டியில் மலைச்சாமி வீட்டுக்கும் போவேன். கதவைத் திறப்பாரோ என்னவோ. அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன், சாப்பிடாமல் படுத்துவிட்டாள். உன் பேராசிரியரிடமும் உண்மையைச் சொல்லிவிடு.

நீ தொடும் சுவரெல்லாம் நிலைத்து நிற்க ஆண்டவர் உதவி செய்யட்டும். எப்போதாவது ஒன்று இறங்கிவிட்டால், என்னால்தான் என்று அன்றைக்கே சொல்லும் தைரியத்தையும் அவரே உனக்குத் தரட்டும். உனக்குக் கொடுக்க என்னிடம் அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் போன் பண்ணு, தாயி. பண்ணாவிட்டாலும் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

உன் அப்பா,
வைகுண்டராஜ்