கவிழ்த்து வைத்த டம்ளர்

என்னங்க,

பிளாஸ்க்குல காபி உங்களுக்கு மட்டும்தான் இருக்கு. என் டம்ளர் கவிழ்ந்து கிடக்குறதைப் பார்த்துட்டு, வழக்கம்போல நான் கோபத்துல காபி குடிக்காமப் போயிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. கோபம் இருக்கு. ஆனா டம்ளர் அதுக்கில்ல. நேத்து பல் டாக்டர்கிட்டப் போய்ப் பல்லை வெள்ளையாக்கிட்டு வந்தேன். ரெண்டு நாளைக்குக் காபி, டீ, கலரா எதையும் தொடக் கூடாதாம்.

ஆமா, போயிட்டுத்தான் வந்தேன். "இந்த வயசுல உன் பல்லை யார் பார்க்கப் போறா?"ன்னு கேட்டீங்களே, அதுக்கப்புறம்தான் முடிவே பண்ணினேன்.

டாக்டர் என் பல்லு நிறத்தைப் பார்க்கணும்னு, "கொஞ்சம் சிரிங்கம்மா"ன்னார். ஈன்னு இளிச்சேன். "இப்படி இல்லம்மா, வீட்ல சிரிக்கிற மாதிரி"ன்னார். அது எப்படின்னு யோசிச்சுப் பார்த்தேன். ஞாபகத்துக்கு வரல.

குழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக்கோங்க. மஞ்சள் போட்டதால எனக்கு ஆகாது, முழுசும் உங்களுக்குத்தான். மத்தியானம் குழாய் ரிப்பேர்காரர் வருவார். காலிங் பெல் வேலை செய்யல. கதவைத் தட்டினா எழுந்திருங்க.

இன்னொண்ணு. நீங்க நைட் ஷிப்டுக்குப் போற பஸ்ஸும் நான் வீட்டுக்கு வர்ற பஸ்ஸும் பாலத்து மேல எதிரெதிரா தாண்டும். நான் தினமும் பார்க்கிறேன். நீங்க ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டிருப்பீங்க.

இன்னைக்கு ஒரு நாள், பாலம் தாண்டுற வரைக்கும் முழிச்சிருங்க.