மாரப்பன் வாங்கிய எலுமிச்சம்பழம்

12-3-1959

இன்று சேந்தமங்கலம் சந்தைக்குப் போகும் வழியில் வேனின் பின் டயர் வெடித்துவிட்டது. ஜவுளி மூட்டைகளுக்குப் பின்னால், நாங்கள் படுக்கப் போட்டிருக்கும் பலகையில் என் மனைவி ஆரோக்கியம் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் நல்ல அடி.

"ஏனுங்க, பாத்துத்தான டயர் வாங்குனீங்க?" என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் டிரைவர் மாரப்பன் சொல்லிவிட்டான். "தப்பு என்னோடதுங்கம்மா. டயர் மாத்துன அன்னிக்கு முன் சக்கரத்துக்குத்தான் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துனனுங்க. பின்னால வெக்கலீங்க."

வேதக்காரியான ஆரோக்கியமே அதை நம்பி அவனைத் திட்டித் தீர்த்தாள். நான் ஜாக்கியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அன்று சேலத்தில் அவன் பழம் வாங்கப் போயிருந்தான். இந்தப் பழைய மிலிட்டரி வேனின் அளவுக்குப் புது டயர் வர ஒரு மாதமாகும் என்றார் கடைக்காரர். ஓடிய டயர் இரண்டைக் காட்டி, "உள்ள ஒட்டுப் போட்டிருக்குதுங்க, பாரம் தாங்காது" என்றும் சொன்னார். ஒரு சந்தையைக்கூட விட எனக்கு மனமில்லை. டிரைவர் வருவதற்குள் அதையே பின்னால் மாட்டிவிடுங்கள் என்றேன். இரண்டு பழத்தோடு வந்தவனை, இது போதும் ஏறு என்று அவசரப்படுத்தியதும் நான்தான்.

சனிக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லிவிடுவேன். மாரப்பனிடம்தான் வாய் வரவில்லை.

வெடித்த டயருக்குப் பதில் ஸ்டெப்னி மாட்டியாயிற்று. வெடித்ததன் ஜோடியான இன்னொரு ஒட்டு டயர் இன்னும் பின்னால் இடது பக்கம் இருக்கிறது. காலையில் அதற்கு வைப்பதற்காக மாரப்பன் தன் காசில் ஒரு பழம் வாங்கி வைத்திருக்கிறான்.