எழுத்து விழாத மூன்று தட்டு

இல்லை, யாரிடமும் சொல்லவில்லை. நீ சொல்லவேண்டாம் என்றதால் மட்டும் அல்ல. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனாலும்தான்.

இன்று காலை உன் டைப் மிஷினில் புதிதாக வந்திருக்கும் பெண் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். ரிப்பன் மசியின் வாசனை. நடுநடுவே ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். எழுத்து விழாத அந்த நீளக் கட்டைக்கு மட்டும் ஒரு மொட்டைச் சத்தம் உண்டு. ஏழு வருடம் செங்கல்பட்டில் இருந்துவிட்டு, போன மாதம்தான் இந்தத் தாலுகா ஆபீசுக்குத் திரும்பினேன். மேஜைகளை இடம் மாற்றிவிட்டார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது.

நீ டைப்பிஸ்ட். நான், மொழியியலில் எம்.ஏ. படித்துவிட்டு உன் பக்கத்து மேஜைக்கு வந்து சேர்ந்த குமாஸ்தா. அரபியில் சொற்கள் எப்படி உருவாகின்றன என்று ஒரு பருவம் முழுக்கப் படித்திருந்தேன். ஒரு சொல்லைக்கூட ஒழுங்காக உச்சரிக்க வராது. உனக்கு ஓத வரும். சிறுமியாக இருந்தபோது மதரஸாவில் குர்ஆன் முழுதும் ஓதி முடித்தவள். பொருள் மட்டும் உனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆளுக்குப் பாதி வைத்திருந்தோம்.

ஒரு மதியம், டிபன் டப்பாக்களைக் கழுவி வைத்த பிறகு, உனக்கு விளக்கினேன். மூன்று மெய்யெழுத்து, பொருள் அதில் இருக்கிறது. நடுவே வரும் உயிர் ஒலிகள், அவற்றின் குறுக்கம் நீளம், அது அச்சு. க், த், ப் என்றால் எழுதுவது சம்பந்தப்பட்டது. காதிப், எழுதுகிறவன். கிதாப், புத்தகம். மக்தூப், எழுதப்பட்டது.

நீ மூன்றையும் தொண்டையிலிருந்து சரியாகச் சொல்லிப் பார்த்தாய். பிறகு மேஜையிலிருந்த வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாய்.

"இதுக்கா இம்மாம் படிப்பு? நம்ம பாரம் மாதிரிதான்டி. கோடு அப்படியே கீது, ஆளுதான் மாறிக்கினே கீறான்."

அன்றிலிருந்து ஆபீஸ் வேறாகிவிட்டது. மகசூல், மாமூல், மக்தூப். மூன்றும் அரபியில் ஒரே அச்சு. நீ நகத்தால் மேஜையில் தட்டுவாய், குறிலுக்குச் சட்டென்று, நெடிலுக்கு விரலை எடுக்காமல்; நான் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். தாசிலும் மகசூலும் ஒரே மூன்றெழுத்திலிருந்து பிறந்தவை என்று நான் சொன்ன நாளில், "அப்போ தாசில்தாரும் அறுப்பும் பங்காளிங்களா?" என்று கேட்டாய். தலைமை எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எதையும் அச்சில் ஊற்றிவிடலாம் என்று நினைத்தேன். நடக்கிற நடையை எடுத்து, ந, ட, க என்று பிரித்து மகசூலின் அச்சில் ஊற்றினேன். மண்டூக் என்று வந்தது.

"எம்.ஏ. படிச்ச மண்டூகமே," என்றாய். பிறகு கொஞ்சம் நிதானமாக, "அச்சு கீதுன்னு எல்லாத்தியும் ஊத்தக்கூடாதுடி. ஒரு வாயாச்சும் அத்த சொல்லியிருக்கணும்."

ஒரு வாயாவது. அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

முதல் குழந்தைக்கு வயிற்றிலேயே பெயர் வைத்துக் கூப்பிட்டாய். எட்டாம் மாதம் அது தங்கவில்லை. இரண்டாவது முறை, "பேர எடுத்து இட்டாந்து வாயில வெச்சேன், பூட்ச்சு. இந்த வாட்டி வாயே தொறக்க மாட்டேன்," என்றாய். ஆனால் பெயர் உனக்குள் முடிவாகிவிட்டிருந்தது. என்னிடம் மறைக்கவும் உன்னால் முடியவில்லை.

ஜமாபந்திக் கணக்குத் தணிக்கைக்கு முந்தைய வாரம். மிஷினில் வெள்ளைத்தாள் ஒன்றைச் சொருகி, ஸ்பேஸ் பாரை மூன்று முறை தட்டினாய். முதல் தட்டு குறில். இரண்டாவது, கட்டையை அழுத்தியபடி விரலை எடுக்காமல் நிறுத்தி, நெடில். மூன்றாவதும் நெடில். தாளில் எதுவும் விழவில்லை.

"ஜமீலாவா? கரீமாவா?"

"எழுத்து, புள்ள பொறந்தப்பறம்தான். அதுவரிக்கும் நீ அச்ச மட்டும் வெச்சிக்கினு இரு, யாராண்டயும் சொல்லாத. ஆம்பளப் புள்ளன்னா கடேசித் தட்ட வுட்டுடு."

பெண் பிறந்தது. உனக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் நீ இல்லை.

ஆறாம் நாள் உன் கணவர் ஆபீசுக்கு வந்தார். ரைஸ் மில்லிலிருந்து நேரே வந்திருந்தார், சட்டையெல்லாம் தவிடு. ஜன்னல் பக்கம் நின்றே கேட்டார்.

"நாளிக்கு முடி எறக்கிப் பேர் வெக்கணும்க்கா. அது உங்களாண்ட எதுனா பேர் சொல்லிச்சா?"

எல்லோரும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மனைவியைப் புதைத்துவிட்டு வந்து நிற்கும் மனிதர் முன்னால் மேஜையைத் தட்டிக் காட்டவா? ஒரு தாளத்தைப் பெயர் என்று சொல்லவா?

"இல்லீங்க," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் தன் அம்மாவின் பெயரை வைத்தார். அடுத்த மாதம் நான் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

செங்கல்பட்டு பஸ்ஸில் எத்தனை பெயர்களை ஊற்றிப் பார்த்திருப்பேன். சலீமா. நசீமா. ஹலீமா. எல்லாம் பொருந்துகின்றன. அதுதான் சங்கடம். உன் குரலில் ஒன்றாவது பொருந்தாமல் போனால், மற்றதை நம்பலாம்.

இன்று பதினோரு மணிக்கு உன் கணவர் வருமானச் சான்றுக்கு மனு கொண்டுவந்தார். கூடவே அவள். நெற்றி உன்னுடையது. மகள் பெயர்க் கட்டத்தில் பாத்திமா. நல்ல பெயர். முதலில் நெடில், அடுத்தது குறில். உன் அச்சு இல்லை.

"எங்கம்மா இங்கதான் குந்திக்கினு இருந்திச்சா?" என்று கேட்டாள்.

"அதோ, அந்த மிஷின்," என்றேன்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உன்னுடையது என்று அவளிடம் எதுவும் இல்லையாம். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை என்று அவர் தணிந்த குரலில் சொன்னார். தாசில்தார் ஏரி மதகு பார்க்கப் போயிருக்கிறார், நாலு மணிக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ இருந்தால் திட்டுவாய். பாதிப் பெயரை ஒரு குழந்தையிடம் கொடுப்பதா என்று. அல்லது, ஏழு வருஷமா இன்னாடி பண்ணிக்கினு இருந்தே என்று. எது என்று தெரியவில்லை. உன்னுடையதாக என்னிடம் இருப்பது இந்த மூன்று தட்டு. குறில், நெடில், நெடில். அதை இதுவரை வைத்துக்கொண்டிருந்தேன், எனக்குச் சொந்தம் போல.

நாலேகாலுக்குச் சேர்த்து எழுதுகிறேன். சான்றைக் கொடுத்தேன். டைப்பிஸ்ட் பெண்ணைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லி, உன் மகளை நாற்காலியில் உட்கார வைத்தேன். வெள்ளைத்தாள் சொருகினேன். அவள் கட்டைவிரலைப் பிடித்து, தலைமை எழுத்தர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று முறை தட்டினேன்.

"இது இன்னா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி உங்கம்மா உன்னை இப்படித்தான் கூப்பிட்டா. எழுத்து சொல்லலை."

உன் கணவர் என்னைப் பார்த்தார். அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று நின்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் தானாக ஒருமுறை தட்டிப் பார்த்தாள். இரண்டாவதில் நிறுத்தினாள், நீ நிறுத்திய அளவு.

தாளை உருவி, மடித்து, அவளிடம் கொடுத்தேன். பிறகு என் மேஜைக்குப் போய் அடுத்த மனுவை எடுத்தேன்.