வாத்துக்காரரை மயக்கிய விதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் அன்றாடம் என் நினைப்பு.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். எப்படியும் யாராவது உன் காதில் போடத்தான் போகிறார்கள். அது நானாகவே இருந்தால் கொஞ்சம் நகாசு வேலை செய்து சொல்லலாம். இந்த மாதத் தொடக்கத்தில், என் சலூனில், பெரிய மனிதர்கள் தலை சாய்க்கிற அதே பீங்கான் தொட்டியில் வைத்து, நான் ஒரு வாத்துக்கு ஷாம்பு போட்டேன். சாதா ஷாம்பு இல்லை. கல்யாண மாப்பிள்ளைகளுக்கென்று பூட்டி வைத்திருக்கிறேனே, அந்தப் பாட்டில்.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி, இப்போது காரணத்தைக் கேள். காரணம் நீதான்.

காவல் போட்டு ஆற்றுப் பாலத்தை மூடியதிலிருந்து எனக்கு உன் கண்ணைப் பற்றிய கவலைதான். மாதா மாதம் நீ இக்கரைக்கு வருவாய். காலிக் குப்பியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் புதுக் குப்பியோடு போவாய். கண் டாக்டர் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதானே சொன்னார்? சொட்டு மருந்தை விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், போன பார்வை போனதுதான், திரும்பாது என்று. அக்கரையில் அந்த மருந்து கிடையாது. தபாலும் நின்றுவிட்டது. அடுத்த வாரம் திறப்பார்கள், அடுத்த வாரம் திறப்பார்கள் என்று ஊரே சொன்னதை நம்பி நானும் கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டேன். பிறகு ஒரு நாள், உன்னிடம் மிச்சம் இருந்ததும் தீர்ந்திருக்குமே என்று பொறி தட்டியது. கையிலிருந்த கத்தரி நழுவி, நாற்காலியில் இருந்த பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒரு பக்கக் கிருதா போயே போய்விட்டது. நல்ல மனிதர். மறு பக்கத்தையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் பேசாமல் போனார்.

இப்போதைக்கு ஆற்றைத் தாண்டுகிற ஒரே ஆள் வாத்துக்காரர். நீ கல்யாணமாகிப் போன பிறகு இங்கே வந்தவர். உனக்குத் தெரிந்திருக்காது. ஆளைப் பார்த்தால் அவிழ்ந்த மூட்டை, வேலையைப் பார்த்தால் வித்தைக்காரர். கரையோரக் கோரைப்புல்லில் வாத்துகளை மேய விடுவார். கூட்டத்துக்குத் தலைவி ஒரு வெள்ளை வாத்து, பெயர் மகாராணி. அவர் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தால் மகாராணி அக்கரையைப் பார்த்து நீந்தத் தொடங்கும். மற்றதெல்லாம் பின்னால். உடனே இவர் தலையில் கை வைத்துக்கொண்டு காவல் சாவடிக்கு ஓடுவார். "ஐயா, என் பொழப்பே நீந்திப் போகுதுய்யா!" என்பார். அவர்களும் சலித்துக்கொண்டே படகை எடுக்க விடுவார்கள். படகில் ஒரு முட்டைக் கூடை இருக்கும், கூடையில் ஈர வைக்கோல். அதற்கு அடியில் வாசனை சோப்பு, கைக்கடிகாரம், தையல் மெஷின் ஊசி எல்லாம் போகிறது என்பது காவல்காரர்களைத் தவிர ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியம். ஈர வைக்கோல் குளிர்ச்சியாக இருக்கும். உன் மருந்தும் குளிர்ச்சியில்தான் இருக்க வேண்டும். கடவுளே போட்டுக் கொடுத்த முடிச்சு என்று நினைத்துக்கொண்டு நேராகப் போய்க் கேட்டேன்.

மனிதர் பிடி கொடுக்கவில்லை. "கடத்தலா? அதெல்லாம் விட்டாச்சு தம்பி. நான் உண்டு, என் வாத்து உண்டு" என்றார். நேற்றுக்கூட அக்கரைக்குப் போனீர்களே அண்ணே என்றேன். "அது வாத்து போச்சு. நான் கூட்டிட்டு வரப் போனேன்" என்றார். காசு தருகிறேன் என்றேன், காதிலேயே வாங்கவில்லை. போதாக்குறைக்கு, "சலூன்ல சொன்னது சந்தையில சொன்ன மாதிரி" என்று ஒரு குத்து வேறு. எனக்கு ஓட்டைவாய் என்று ஊரில் ஒரு வதந்தி இருக்கிறது, அக்கா. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. நான் விசாரித்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் உன் தம்பி அசருகிற ஆளா? காசுக்கு மசியாதவன் புகழுக்கு மசிவான். இது என் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். கழுத்தில் துணியைக் கட்டி உட்கார வைத்தால் எவனும் கண்ணாடியைத்தான் பார்ப்பான். கண்ணாடி சொல்லாததை நான் சொல்வேன். என் மண்டையில் ஒரு பொட்டு முடி கிடையாது. அப்படியிருந்தும் ஊரே என்னிடம் தலையைக் கொடுக்கிறதென்றால் அது கத்தரிக்காகவா? வாய்க்காக.

"அண்ணே, உங்களை மாதிரி ஒரு முகத்துக்குச் சவரம் செய்யக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், சும்மா வந்து உட்காருங்கள்" என்று கூப்பிட்டேன். வந்தார். மறு நாளும் வந்தார். அதற்கப்புறம் கடை திறக்கும் முன்பே வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நெற்றி இரண்டு விரல்கடை. அதை ராஜ நெற்றி என்றேன். காது இரண்டும் முறம். அப்படிப்பட்ட காது உள்ளவன் கையில் காரியம் தோற்காது என்று எங்கள் தொழிலில் ஒரு சாத்திரமே இருக்கிறது என்றேன். அப்படி ஒரு சாத்திரம் கிடையாது, சோப்பு நுரை போடும்போது உண்டாக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பார். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பி, "இந்தப் பக்கத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே தம்பி" என்பார். அந்தப் பக்கத்துக்கும் சொல்வேன். பேச்சு மெல்ல உன் மருந்துப் பக்கம் திரும்பியதும் துண்டை உதறிவிட்டு எழுந்துவிடுவார். "நாளைக்கு வரேன். மீசையைப் பத்தி யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அன்றன்றைய முன்னேற்றத்தை வீட்டுக்கு வந்து உன் தம்பி பெண்டாட்டியிடம் சொல்வேன். தையல் மெஷினை மிதிக்கிற காலை நிறுத்தாமலே "நடத்துங்க, நடத்துங்க" என்பாள். அவளுக்கு ராஜதந்திரமெல்லாம் புரியாது, பாவம். அவளுக்கும் வாத்துக்காரருக்கும் உள்ள பேச்சு முட்டையோடு சரி. அதையும் அளவாக வாங்கத் தெரியவில்லை. கொஞ்ச காலமாக எங்கள் வீட்டில் காலையில் அவித்த வாத்து முட்டை, ராத்திரி பொரித்த வாத்து முட்டை. ஏன் இத்தனை முட்டை என்று கேட்டால், "வாசலுக்கு வர்றாரு, வாங்குறேன்" என்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் நானே நீந்துவேன்.

நடுவில் ஒரு நாள் கெட்டது குடி. வாத்துக்காரர் ஒரு நாற்காலியில் இருக்கும்போது பக்கத்து நாற்காலியில் ஆற்றுக் காவல் அதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டார். நான் ஏற்கனவே புகழ்ச்சியில் பாதி தூரம் போயிருந்தேன். பிரேக் பிடிக்கவில்லை. "இவர் கை பட்டால் எதுவும் எங்கேயும் போய்ச் சேர்ந்துவிடும் சார், ஊரிலேயே கெட்டிக்காரர்" என்று சொல்லிவிட்டேன். அதிகாரி தலையைத் தூக்கி, எதில் கெட்டிக்காரர் என்று கேட்டார். நான் கீழே விழாத சீப்பைத் தேடிக் குனிந்துகொண்டேன். வாத்துக்காரர் கண்ணையே திறக்காமல், "முட்டையிலங்க ஐயா. ஒண்ணுகூட உடையாம வீட்டுக்கு வந்து சேரும்" என்றார். அதிகாரி தம் வீட்டுக்கும் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் வாத்துக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஓட்டைவாய் என்ற வதந்தி எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று எனக்கு லேசாகப் புரிந்தது.

இனி ஷாம்பு. ஒரு நாள் அவர் மகாராணியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். காலில் முள் தைத்திருந்ததாம். பேச்சுக்கு, "வாத்தா இது, என்ன கழுத்து, என்ன நடை!" என்றேன். அக்கா, அந்த மனிதர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தன்னைப் புகழ்ந்தபோதெல்லாம் ரசித்தார். வாத்தைப் புகழ்ந்தபோது நம்பினார். பிடித்துவிட்டேனடா சாவியை என்று உள்ளுக்குள் ஒரு குதி குதித்தேன். அவர் முகத்தில் வெந்நீர்த் துண்டைப் போட்டதும் குறட்டை வந்தது. மகாராணியைப் பார்த்தேன், இறக்கையெல்லாம் சேறு. கண் விழிக்கும்போது இவள் பளபளவென்று நின்றால் மனிதர் மறுப்பாரா என்று கணக்குப் போட்டேன். தொட்டியில் தூக்கி வைத்து, மாப்பிள்ளை ஷாம்பு போட்டு, ஒருமுறைக்கு இருமுறை அலசி, துவட்டி, கழுத்தில் கொஞ்சம் பவுடரும் போட்டேன். மல்லுக்கு நிற்கவே இல்லை. ஊரில் பாதி மாப்பிள்ளைகளைவிட அடக்கம்.

அவர் எழுந்து பார்த்தார். துண்டு நழுவி மடியில் விழுந்தது. ஆனந்தம் என்று நினைத்தேன். "என்ன பண்ணீங்க தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். தண்ணீரில் விட்டதும் மகாராணி மிதக்கவில்லை, அக்கா. நனைந்த தலையணை மாதிரி முதுகு வரைக்கும் அமிழ்ந்து, எங்களைத் திரும்பிப் பார்த்தது. வாத்து மிதப்பதே அதன் இறகில் இருக்கிற எண்ணெயால்தானாம். தலைதலையாய் எண்ணெய் எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

செருப்பைக்கூடக் கழற்றாமல் குதித்தேன். நெஞ்சளவு தண்ணீரில் வாத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நின்றேன். சாவடியிலிருந்து காவல்காரர்கள் கை தட்டுகிறார்கள். எனக்குப் புகழ்ச்சி ஒன்றும் வாயில் வரவில்லை. "அண்ணே, எங்க அக்காவுக்குக் கண்ணு போயிரும்ணே" என்று மட்டும்தான் வந்தது. குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் குளிர், அதனால்.

வாத்துக்காரர் கரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தவர், அதைக் கேட்டதும் நிறுத்திவிட்டார். எழுந்து வந்து கை கொடுத்து என்னை மேலே தூக்கினார். "அக்கா கண்ணு நல்லாத்தான் இருக்கும் தம்பி, பயப்படாதீங்க. மருந்தக் குடுங்க, நானே கொண்டுபோறேன். இனிமே என் கூட்டத்துல யாரையும் குளிப்பாட்டாம இருந்தா சரி" என்றார். ஆறுதல் சொல்லவும் தெரிந்த மனிதர்தான். பார்த்தாயா, கடைசியில் மசிந்துவிட்டார். முகத்தில் ஆரம்பித்து மீசை வழியாக வாத்து வரைக்கும் நான் போட்ட பாதை வீண் போகவில்லை. இந்த ஊரில் வேறு யாராலும் இது நடந்திருக்காது என்று சத்தியம் செய்வேன். சலூனிலும் சொல்லி வைத்திருக்கிறேன். மருந்து விஷயத்தை விட்டுவிட்டுத்தான் சொன்னேன், பயப்படாதே.

மகாராணி இறகைக் கோதிக் கோதி எண்ணெயைத் திரும்பச் சேர்க்கும்வரை பொறுக்கச் சொன்னார். தினமும் போய்ப் பார்த்துவந்தேன். இன்று ஜோராக மிதந்தது. நாளைக் காலையில் கிளம்புகிறார். இந்தக் கடிதமும் மருந்தும் அதே கூடையில் வரும்.

குப்பியைப் பார்த்து மருந்து மாறிவிட்டது என்று பயந்துவிடாதே. பாலம் மூடிய பிறகு கடைக்கு வந்த சரக்கெல்லாம் பச்சை மூடி, முன்பு போல வெள்ளை இல்லை. உள்ளே அதே மருந்துதான், கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். வழக்கம்போலக் குப்பியின் கழுத்தில் உன் சிவப்பு நூலைக் கட்டிவிடு. அத்தானுடைய காது மருந்தை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொள்ளாதே. தீர்ந்ததும் காலிக் குப்பியை அந்த நூலோடு அப்படியே வாத்துக்காரரிடம் கொடுத்தனுப்பு. உனக்கு வந்து சேர்ந்தது என்று அதைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். வேறெதுவும் எழுத வேண்டாம், குப்பி போதும்.

பாலம் ஒரு நாள் திறக்கும். அன்றைக்கு நீ அந்தக் கோடியில் வரும்போதே என் வழுக்கை மின்னுவதை அடையாளம் கண்டு சிரிக்க வேண்டும். அதற்குத் தேவையான பார்வை உன் கண்ணில் குறையாமல் இருக்கட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி

பி.கு.: பொட்டலம் கட்ட நூல் வேண்டுமென்று உன் தம்பி பெண்டாட்டியின் தையல் பெட்டியைத் திறந்தேன். அடியில் இரண்டு காலிக் குப்பிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் பச்சை மூடி. இரண்டின் கழுத்திலும் உன் சிவப்பு நூல்.